பஸ்ஸுக்குத் தன் கட்டணம் தெரியக் கூடாதா?



ஜாவா படிப்பிக்கிற நாம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 'ஈனம்' (பெயர்தான் தமிழில் ஒருமாதிரிக் கேட்கும், சாமான் நல்லது) என்றால் வெறும் பெயர்ப் பட்டியல் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். போன வாரம் ஒரு பிள்ளை அதற்குள்ளேயே மெதட் எழுதியிருந்தாள். நம்மில் ஒருவர் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார்.

வெட்டியதுதான் பிழை.

கேள்வி பஸ் கட்டணம் பற்றியது. சாதாரணம், அரைச் சொகுசு, சொகுசு. அரைச் சொகுசுக்கு ஒன்றரை மடங்கு, சொகுசுக்கு இரண்டு மடங்கு. இவ்வளவுதான் என்றால் அந்த எண்ணைப் பெயரோடு சேர்த்து வைத்தாலே போதும், தனி மெதட் தேவையில்லை. ஆனால் மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம–குருநாகல் துண்டு 2022இல் திறந்தாயிற்று. நாளை கண்டிக்கும் வந்து, அந்த பஸ்ஸுக்குக் கணக்கே வேறு என்றால்? நாம் படிப்பித்த ஸ்விட்ச் டிக்கட்டுக்கு ஒன்று, ரிசர்வேஷனுக்கு ஒன்று, அறிக்கைக்கு ஒன்று என்று சிதறிக் கிடக்கும். ஒன்றில் சேர்க்க மறந்தால் டிஃபோல்ட்டில் விழுந்து, சத்தமில்லாமல் சாதாரண கட்டணத்தையே அடிக்கும்.

பிள்ளை செய்தது வேறு. 'கட்டணம்' என்று ஓர் அப்ஸ்ட்ராக்ட் மெதட். அதன்கீழ் ஒவ்வொரு பஸ் வகைக்கும் அதனதன் கணக்கு. புது வகையைச் சேர்த்துக் கணக்கை எழுத மறந்தால் கம்பைலரே விடாது. 2004இல் ஜாவா 5 வந்த நாள் முதல் இந்த வசதி இருக்கிறது. நமக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

'சிலபஸில் இல்லையே சேர்' என்கிறீர்கள். சிலபஸில் இல்லாததெல்லாம் பிழையா? நமக்குத் தெரியாததற்குப் பிள்ளையின் புள்ளியையா வெட்டுவது?

திங்கட்கிழமை அந்த விடைத்தாளைத் திரும்ப வாங்கித் திருத்தப் போகிறோம்.