மருந்து என்று ஒரு சொல்

சென்ற ஆண்டு ஐப்பசியின் கடைசி வாரம். நான்கு நாட்கள் விடாமல் மழை பெய்து, ஐந்தாம் நாள் காலை மலைக்குப் பின்னிருந்து சற்றே வெயில் எட்டிப் பார்த்தது. முற்றத்தில் இருந்த ஆறு ஒட்டு ரோஜாச் செடிகளிலும் கீழ் இலைகளில் மை தெளித்தாற்போல் கரும்புள்ளிகள். உற்றுப் பார்த்தால் புள்ளியின் விளிம்பு வட்டமாக இல்லை. நூல் பிரிந்த துணியின் ஓரம்போல் சிலும்பி இருந்தது. சுற்றிலும் மஞ்சள் படர்ந்து, விரல் பட்டாலே இலை கழன்று விழுந்தது. பத்து நாட்களில் செடிகள் வெறும் முள்குச்சிகளாயின.

ஓர் இலையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் இலையை வாங்கிப் பார்க்கவில்லை. "ரோஜாவா சார்? இந்த மருந்து அடிங்க, லிட்டருக்கு ரெண்டு மில்லி" என்று ஒரு புட்டியை எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து, கண்ணாடி அணிந்து, எறும்பளவு எழுத்துகளைப் படித்தேன். அது பூச்சிக்கொல்லி. என் செடிக்கு வந்திருந்ததோ பூஞ்சை. தலைவலிக்காரனுக்குப் பேதி மருந்து கொடுத்த கதைதான். அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. புட்டியின் மேல் சாய்ந்த சதுரம் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. கீழ்ப்பாதி மஞ்சள், மேல்பாதியில் 'விஷம்' என்ற சொல். மஞ்சள் என்றால் அதிக நச்சு என்று சட்டப்படி பொருள். தாள் விஷம் என்கிறது. கடைக்காரரின் வாய் மருந்து என்கிறது. நானும் வழியில் கண்ட நண்பரிடம் "ரோஜாவுக்கு மருந்து வாங்கப் போனேன்" என்றுதான் சொல்லியிருந்தேன்.

தமிழ் கற்பிப்பவன் என்பதால் இந்தச் சொல் என்னை விடவில்லை. திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் உண்டு. அந்தப் பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. அளவறிந்து உண்பதும், நோயின் காரணத்தைத் தேடுவதுமே அங்கே பேசப்படுகின்றன. நாமோ காரணத்தைத் தேடும் வேலையை உரக்கடையில் ஒப்படைத்துவிட்டுப் புட்டிக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டோம். நம் மாவட்டத்துக் கிராமங்களில் "மருந்தைக் குடிச்சிட்டான்" என்று யாரேனும் சொன்னால் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஒரே சொல் இரண்டு எதிர்த்திசைகளில் ஓடுவதை நாம் கவனிப்பதே இல்லை. வயலில், தோட்டத்தில், முற்றத்தில் அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டுப் பூஞ்சைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என்று சரியான பெயரால் அழைக்கப் பழகினாலே பாதிக் கைகள் தயங்கும் என்பது என் எண்ணம்.

இனி நோயைப் பற்றி. கரும்புள்ளி நோயின் வித்துகள் முளைப்பதற்கு இலை ஏறக்குறைய ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். காற்றில் பறந்து வருவதைவிட, மழைத்துளி தெறிக்கும்போதுதான் அவை அதிகம் பரவுகின்றன. விழுந்த இலைகளிலும் தண்டுகளிலும் தங்கி அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன. ஆக, ஐப்பசி கார்த்திகையில், ஊரே தீபத்துக்குத் தயாராகும் நாட்களில், இந்நோய் தழைப்பது இயல்பு. சித்திரை வெயிலில் அது தானாக அடங்கிவிடும். இது தெரியாமல் பலர் (நானும் அவர்களில் ஒருவன்) மாலையில் குழாயை விரலால் அழுத்திச் செடியின் தலை முழுக்க நீராட்டுகிறோம். குளிர்வித்ததாக நினைப்பு. உண்மையில் இரவு முழுவதும் இலை ஈரமாக இருக்க ஏற்பாடு செய்கிறோம்.

சாம்பல் நோயின் குணம் வேறு. மார்கழி, தை மாதங்களில், பகல் உலர்ந்தும் இரவு குளிர்ந்தும் இருக்கும்போது, தளிரிலும் மொட்டுக் காம்பிலும் திருநீறு பூசியதுபோல் படியும். அதற்கு இலையில் நீர் நிற்கத் தேவையில்லை. நிற்பது அதற்குப் பிடிக்கவும் பிடிக்காது. இதற்கு நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பழைய வழி. ஆனால் வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையையே கருக்கிவிடும். நம் ஊரில் மாசி பிறந்தபின் அந்த எல்லை எட்டாத நாள் எத்தனை? பசும்பாலைப் பத்துக்கு ஒன்றாக நீரில் கலந்து தெளிப்பது சாம்பல் நோயைக் கட்டுப்படுத்துகிறது என்று பிரேசிலில் பெட்டியோல் என்பவர் 1999இல் ஒரு பூசணி வகையில் சோதித்துக் காட்டினார். நம் பாட்டிமார் புளித்த மோரைத் தெளித்ததும் இவ்வழிதான். கரும்புள்ளிக்கு மட்டும் மோரை நம்பிப் பயனில்லை. நான் நம்பி ஏமாந்தேன்.

இத்தனைக்கும் அடியில் ஒரு கேள்வி கிடக்கிறது. இந்தச் செடிகள் ஏன் இவ்வளவு நோஞ்சானாக இருக்கின்றன? குட்டியானை வண்டியில் ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் ஒட்டுச் செடிகளைப் பூவின் நிறம் பார்த்து வாங்குகிறோம், இலையைப் பார்ப்பதில்லை. நான் வாங்கிய ஆறில் நான்கு மஞ்சளும் ஆரஞ்சும். அந்த நிறத்துக்கு ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களில் அடர்மஞ்சள் கிடையாது. பிரான்சில் லியோன் நகரத்துப் பெர்னே துஷே பல ஆண்டுகள் முயன்று, பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து, 1900இல் 'சொலேய் தோர்' என்ற ரகத்தை வெளியிட்டார். பொன்கதிரவன் என்று பொருள். பாரசீக மஞ்சளோ மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் குடி. மழையில் நனையும் இலையின் நோயை எதிர்க்கும் வலு அதனிடம் இல்லை. நிறத்தோடு அந்தப் பலவீனமும் வாரிசுகளுக்கு இறங்கியது. இருபதாம் நூற்றாண்டில் வந்த மஞ்சள், ஆரஞ்சு, இருவண்ண ரோஜாக்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தின் பேரன் பேத்திகள். சென்ற நூற்றாண்டின் ரோஜா ரசனை முழுவதும் தெளிப்பானின் துணையோடு வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதை மாற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 1950 முதல் புதிய ரோஜாக்களுக்கு ஒரு பரிசோதனை நடத்துகிறார்கள். பூஞ்சைக்கொல்லி ஒரு துளியும் தெளிக்காமல் பல தோட்டங்களில் சில ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தபிறகே இப்போது முத்திரை தருகிறார்கள். நம்மிடையே, கொடைக்கானலில், ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற எம்.எஸ். வீரராகவனும் அவர் துணைவியார் கிரிஜாவும் பல பத்தாண்டுகள் செய்த பணி இதனினும் நமக்கு நெருக்கமானது. வெப்பநாட்டுக்கு ஏற்ற ரோஜா வேண்டும் என்று, வங்கத்தின் நீர்க்கரைகளில் வளரும் காட்டு ரோஜாவையும் மணிப்பூர் மலையின் பெரும்பூ ரோஜாவையும் கலப்பில் கொண்டுவந்தார்கள். உலக ரோஜா அன்பர்களிடையே அவர்கள் பெயர் நன்கு தெரியும். அந்தச் செடி ஒன்று வேண்டும் என்று நம் ஊர் நாற்றங்காலில் கேட்டுப் பாருங்கள். உதகையின் அரசு ரோஜாத் தோட்டம் 2006இல் உலக ரோஜாச் சங்கக் கூட்டமைப்பின் விருது பெற்றதைப் பெருமையோடு பேசுகிறோம். உதகையின் குளிரில் பூப்பது அண்ணாமலையின் வெயிலிலும் பூக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறோம். குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களில் ரோஜா இல்லை. வந்த விருந்தாளிதான். ஆனால் எந்த விருந்தாளி நம் வீட்டுச் சோற்றை உண்பார் என்று பார்த்து அழைக்கலாம் அல்லவா?

பன்னீர் ரோஜா அப்படிப்பட்டது. எட்வர்டு ரோஜா என்று விவசாயிகள் சொல்கிறார்கள். அதற்கும் கரும்புள்ளி வரும். ஆனால் என் முற்றத்தில் ஒட்டுச் செடிகள் குச்சியாகி நின்ற அதே வாரத்தில், வேலியோரப் பன்னீர் ரோஜா பாதி இலையை உதிர்த்துவிட்டுப் புதுத்துளிர் விட்டது. அதன் பூ நீண்ட காம்போடு கண்ணாடிக் குவளையில் நிற்காது. தொடுத்தால் மணக்கும்.

தொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அம்மாவிடம் கடையில் நடந்ததைச் சொன்னேன். அவர் நாரைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "காலையில மூட்டையப் பிரிச்சா சில நாளு மூக்குல ஏறும் சார், அன்னிக்கு ராவு விரலெல்லாம் எரியும்" என்றார். எந்தப் புட்டி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பூ மாலையாகிக் கோயிலுக்குள் போகிறது, குழந்தையின் சடையில் ஏறுகிறது. பன்னீர் ரோஜா இதழைத் தின்னாத குழந்தையை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014இல் அனுமதி முடிந்தது. இங்கே ரோஜாவின் இலைப்புள்ளிக்கு வழக்கமாகக் கைநீட்டுவது அதற்குத்தான். ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிக்கொள்ளும் என்பதும் தெரிந்த செய்தியே.

ஓசூரில் ஏற்றுமதிக்காகப் பசுமைக்குடில் வைத்திருப்பவரிடம் போய் இதையெல்லாம் பேச மாட்டேன். அவருக்குக் கடன் இருக்கிறது, இலையில் ஒரு புள்ளி இருந்தால் பெட்டி திரும்பிவிடும். என் வழக்கு வீட்டு முற்றத்தில் ஆறு செடி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களோடு. நமக்கு எந்த நெருக்கடியும் இல்லை. பின் ஏன் தெளிப்பானைத் தூக்குகிறோம்?

அந்தப் புட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். பணம் திரும்பவில்லை, அதனாலென்ன. உதிர்ந்த இலைகளைத் தினமும் பொறுக்கி எரித்தேன். நோயுற்ற கிளைகளை வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவினேன். இல்லையெனில் நுனியிலிருந்து கருகி இறங்கும். தூரில் வைக்கோல் பரப்பினேன், மண்ணிலிருந்து நீர் தெறிக்காமல் இருக்க. காலையில், வேரில் மட்டும் தண்ணீர். சுவரையொட்டிக் காற்றில்லாமல் நின்ற இரண்டு தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்தினேன். ஆறில் மூன்று பிழைத்தன. போன மூன்றும் மஞ்சள். அந்த இடத்தில் பன்னீர் ரோஜாக் குச்சிகளை நட்டிருக்கிறேன். இரண்டு துளிர்த்திருக்கின்றன, மூன்றாவதைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.