எனக்குக் கடைசிப் பெயர் கிடையாது

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்விதழைப் புரட்டிக்கொண்டிருந்தபோது “மாரிமுத்து வாதிடுவதைப் போல” என்று தொடங்கும் ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. மாரிமுத்து என் அப்பா. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். முப்பது ஆண்டுகள் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். யாரிடமும் எதையும் வாதிட்டவர் இல்லை. எதிர்த்துப் பேசினால் என்ன நடக்கும் என்று தெரிந்த ஊரில் பிறந்தவர். அந்த வாக்கியம் மேற்கோள் காட்டியது நான் எழுதிய கட்டுரையை.

நடந்தது இதுதான். கட்டுரையை அனுப்பும்போது இணையப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று முதல் பெயர், இன்னொன்று கடைசிப் பெயர். இரண்டாவதன் மேல் சிவப்பு நட்சத்திரம், அதாவது கட்டாயம். என் பெயர் ஒரே சொல். அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. அந்த ஒற்றை எழுத்தைப் போட்டுப் பார்த்தேன். குறைந்தது இரண்டு எழுத்துகளாவது வேண்டும் என்றது கணினி. வேறு வழியில்லாமல் ‘மாரிமுத்து’ என்று அடித்தேன். மேற்கோள் முறைகளில் பெரும்பாலானவை கடைசிப் பெயரைத்தான் ஆளாக எடுத்துக்கொள்கின்றன. எனவே ஆய்வுலகில் நான் இப்போது என் அப்பா.

இதைச் சொன்னபோது அறை நண்பன் சிரித்தான். “மச்சான், இதெல்லாம் ஒரு பிரச்சினையா? எதையாவது போட்டுட்டுப் போ.” கணினி படித்த இன்னொரு நண்பர், “அது டெக்னிக்கல் தேவை தோழர், இதுல அரசியல் ஒண்ணும் இல்ல” என்றார். வடக்கிலிருந்து வந்த சக ஆய்வாளர் ஒருவர் உண்மையிலேயே வியந்து கேட்டார்: “சர்நேம் இல்லையா? அப்புறம் நீ யாருன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

மூன்றாவது கேள்விதான் நேர்மையான கேள்வி. முதல் இரண்டு பேரும் மறைத்துப் பேசுவதை இவர் வெளிப்படையாகக் கேட்டுவிட்டார். ‘நீ யார்’ என்பதைப் பெயரின் வாலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கத்துக்கு இந்த நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. மநுதர்ம சாத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் பெயர் வைக்கவும் விதி சொல்கிறது. பிராமணன் பெயர் மங்கலத்தையும், சத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும் குறிக்க வேண்டும். சூத்திரன் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும். அடுத்த சுலோகம் பெயரின் இரண்டாவது பகுதிக்கான விதி. அங்கே சூத்திரனுக்கு ஒதுக்கப்பட்டது ஏவல் தொழில். வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. மென்பொருள் எழுதியவர் மநுவைப் படித்துவிட்டு எழுதினார் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் போட்ட கட்டம் இந்த மண்ணில் வந்து விழும்போது, அதை நிரப்பக் காத்திருப்பது எது என்பதைச் சொல்கிறேன்.

அந்தக் கட்டத்தைத் தமிழ்நாட்டில் காலியாக வைக்கப் போராட வேண்டியிருந்தது. ஈ.வெ.ராமசாமி 1927 இறுதியில் தன் பெயருக்குப் பின்னாலிருந்த சாதிப் பட்டத்தை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானம் போட்டது. அதற்கும் முன்பே ஒடுக்கப்பட்டோர் அரசுப் பதிவேட்டின் மீது கை வைத்திருந்தார்கள். 1922 ஜனவரியில் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் பஞ்சமர், பறையர் என்று எழுதுவதை விட்டு ‘ஆதி திராவிடர்’ என்று எழுத வேண்டும் என்பது அது. அரசும் அதை ஏற்று ஆணையிட்டது. படிவத்தில் நம்மை எப்படி எழுதுவது என்பதை நாமே சொல்வோம் என்ற அந்தக் கோரிக்கைக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

“பெயரில் என்ன இருக்கிறது?” என்பவர்கள் 1997-ஐ நினைத்துப் பார்க்கட்டும். வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது, தென் மாவட்டங்களில் அந்தப் பெயர் எழுதிய பேருந்தை ஏற்க மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. பேருந்தில் எழுதியிருக்கும் ஒரு பெயருக்கே இவ்வளவு என்றால், ஆளின் பெயருக்குள் எவ்வளவு இருக்கும்?

இனி ‘டெக்னிக்கல் தேவை’க்கு வருவோம். உலகில் மிகக் கறாராகச் சோதிக்கப்படும் ஆவணம் கடவுச்சீட்டு. அதன் விவரப் பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்காக, வரிக்கு 44 குறிகளாக இரண்டு வரிகள் இருக்கும். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதிப்படி, ஒருவருக்கு ஒரே பெயர்தான் என்றால் அதை முதன்மை அடையாளமாக எழுதிவிட்டு, மீதி இடத்தை நிரப்புக்குறிகளால் நிரப்பினால் போதும். இயந்திரத்துக்கு ஒரு சிக்கலும் இல்லை. ஆய்வாளர்களுக்கு எண் வழங்கும் ‘ஆர்கிட்’ தளத்திலும் முதல் பெயர் மட்டுமே கட்டாயம். கடைசிப் பெயரை விட்டுவிடலாம். ஒரே பெயர் கொண்ட பலரைப் பிரித்தறியத்தான் கடைசிப் பெயர் என்கிறார்கள். அந்த வேலையைச் செய்யத்தான் எண் இருக்கிறது. குமார் என்ற பெயரில் ஆயிரம் பேர் இருப்பதைப் போலத்தான் சிங் என்ற வாலோடும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

“உலகமே அப்படித்தான்” என்பதும் பொய். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாயின் பெயரிலிருந்து உருவாகும் அடையாளம்தான். மியான்மரில் குடும்பப் பெயர் வழக்கமில்லை. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் பெயரில் ‘ஊ’ என்பது மரியாதைச் சொல். தாண்ட் என்பதுதான் பெயர். இந்தோனேசியாவின் முதல் இரண்டு குடியரசுத் தலைவர்களான சுகர்ணோவும் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயர்க்காரர்கள். இயற்பியலுக்கே வருவோம். ‘ராமன் விளைவு’ என்பதிலுள்ள ராமன், சி.வி. ராமனின் சொந்தப் பெயர். அவருடைய அண்ணன் மகன் சுப்ரமணியன் சந்திரசேகர். அதில் சந்திரசேகர் அவருடைய சொந்தப் பெயர். 1930-லும் 1983-லும் நோபல் பரிசு வாங்கிய ஒரே குடும்பத்து இருவருக்கு ஒரே ‘குடும்பப் பெயர்’ இல்லை. அதனால் அறிவியல் எதுவும் நின்றுபோகவில்லை.

ஆக, இயந்திரம் கேட்கவில்லை. இயந்திரத்துக்கு வேலை சொல்பவர் கேட்கிறார். தனக்கு இருப்பது எல்லோருக்கும் இருக்கும் என்ற அவருடைய அனுமானத்துக்குத்தான் ‘டெக்னிக்கல்’ என்று பெயர். அனுமானம் அவருடையது, அபராதம் நம்முடையது. அமெரிக்க விசாவில், கடவுச்சீட்டின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் மட்டும் பெயர் இருப்பவருக்கு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சாகிறது. முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். பெற்றவர்கள் வைத்து, ஊரே கூப்பிடும் பெயர், அவர்களுக்குத் ‘தெரியவில்லை’. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க முடியாது என்றது. பிறகுதான், கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது.

வெளிநாடு போகாதவர்களும் தப்பவில்லை. ஆதாரில் முன்னெழுத்தோடு பெயர். பான் அட்டையில் முன்னெழுத்தை மட்டும் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். வங்கிக் கணக்கில் மூன்றாவது வடிவம். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று என் உதவித்தொகை நான்கு மாதம் நின்றது. அலுவலக எழுத்தர், “தம்பி, எல்லாத்துலயும் ஒரே மாதிரி ஒரு சர்நேம் வெச்சுக்கிட்டா உங்களுக்கே நல்லதுதானே” என்றார், நல்லெண்ணத்தோடுதான். அந்த நான்கு மாதமும் விடுதி உணவுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினேன். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவனுக்கு நான்கு மாதம் என்பது படிப்பை விட்டுப் போகப் போதுமான காலம்.

மொழி விஷயத்துக்கு வருவோம். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. நல்லது. அதைத் தொட்டு, இனிஷியலைத் தமிழில் தலைப்பெழுத்து என்பதா முன்னெழுத்து என்பதா என்று நம்மவர்கள் மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். அதே ஆட்கள், கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றியதும் திரையில் ‘குடும்பப் பெயர்’ என்று வருவதைக் கண்டுகொள்வதில்லை. சொல் சுத்தமான தமிழ்தான். ஆனால் அது சுட்டும் பொருள் நம் வீட்டில் இல்லை. இல்லாத ஒன்றுக்குத் தமிழ்ப் பெயர் வைத்து, அதைக் கட்டாயமும் ஆக்குவதற்குப் பெயர் மொழிபெயர்ப்பா? சொல்லைத் தமிழாக்கியவர்கள் கேள்வியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்துக் கேள்வி ஒன்றும் இருக்கிறது; அதைத் தவிர்க்க முடியாது. தலித் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: “வாலை வெட்டியதால் சாதி போனதா? ஆதிக்கச் சாதிக்காரன் முற்போக்கு வேடத்தில் ஒளிந்துகொள்ளத்தானே உதவியது?” பாதி உண்மை. ராமனின் பெயரில் ஐயர் என்று இல்லாததால் அவர் யாரென்று யாருக்கும் தெரியாமல் போய்விடவில்லை. தமிழ்நாட்டில் வால் இல்லாத பெயரைக் கேட்டவுடன் அடுத்த கேள்வி “எந்த ஊர்?”, அதற்கடுத்தது “ஊருக்குள்ள எந்தப் பக்கம்?”. இன்ஸ்டாகிராமில் பதினெட்டு வயதுப் பையன்கள் தாத்தா வெட்டிய வாலைத் தேடியெடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டம் பெண்களுக்கு வேறு விதமாகவும் வலிக்கிறது. திருமணத்துக்குப் பின் அவர்களுடைய முன்னெழுத்தே அப்பாவிடமிருந்து கணவனிடம் கைமாறுகிறது. அம்மாவின் முதலெழுத்தைச் சேர்க்க விரும்புகிறவரிடமும் ‘அப்பா பெயர் என்ன’ என்றே கேட்கிறார்கள்.

இவ்வளவும் சரி. ஆனால் வாலை வெட்டியது சாதியை ஒழிக்கவில்லை என்பது, வாலைத் திரும்ப ஒட்டிக்கொள்வதற்கான வாதம் ஆகாது. வகுப்பறையில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது யாருடைய சாதியும் சத்தமாகக் கேட்காத நாற்பது நிமிடங்கள் எனக்குக் கிடைத்தன. அது பெரிய விடுதலை இல்லைதான். ஆனால் அந்த நாற்பது நிமிடங்களில்தான் நான் படித்தேன்.

அப்பாவிடம் அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “என் பேர மரியாதையா எழுதியிருக்கானா?” என்று கேட்டார். சூளை முதலாளியின் பத்து வயது மகன்கூட அவரை ‘டேய் மாரி’ என்றுதான் கூப்பிடுவான். அந்தக் கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு இந்தக் கோபமே அற்பமாகத் தோன்றியது. பிறகு நினைத்தேன்: அவருடைய பெயருக்கு வரவேண்டிய மரியாதை அவருக்கு, அவருடைய சூளையில், அவர் முகத்துக்கு நேராக வந்திருக்க வேண்டும். என் பெயரின் வாலாக இருந்து அதை அவர் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கட்டத்துக்குப் பதில் ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம். தேவைப்பட்டால் ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று இன்னொன்று. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே, முடிந்தால் பெயரை ஒரே கட்டத்தில் கேளுங்கள் என்று வடிவமைப்பாளர்களுக்கு எப்போதோ வழிகாட்டிவிட்டது. தமிழ்நாட்டு அரசுத் தளங்களும் பல்கலைக்கழகங்களும் முதலில் இதைச் செய்யட்டும். மென்பொருள் வேலையில் இருக்கும் தோழர்களே, அடுத்த முறை ஒரு படிவம் எழுதும்போது அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். ஒரு வரி நிரல்தான். மேலாளர் ஏன் என்று கேட்டால், 1929-லேயே முடிவெடுத்த விஷயம் என்று சொல்லுங்கள்.