விவரமான பொண்ணு, இளகின பையன்

கல்யாண மார்க்கெட்டில் 'விவரம்' என்று ஒரு வார்த்தை உண்டு. "பையன் ரொம்ப விவரம்" என்று தரகர் சொன்னால், பெண் வீட்டில் அவருக்கு இரண்டாவது டம்ளர் காபி வரும். "பொண்ணு கொஞ்சம் விவரம்" என்று சொல்லிப் பாருங்கள்... முதல் டம்ளரே பாதியில் ஆறிப்போகும்! 'இளகின மனசு' இதற்கு நேர் எதிர். பெண்ணுக்கு அது நகை மாதிரி. ஆணுக்கு? "சரியான அழுமூஞ்சி ஸார் அவன்!"

தொல்காப்பியர் காலத்திலேயே பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. ஆணுக்குப் பெருமையும் உரனும். பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம். பயிர்ப்பு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அடியேன் பி.காம். என்பதால் கண்ணில் படுகிறது... ஆண் கணக்கில் அன்றும் இன்றும் இரண்டே அயிட்டம்தான், பெண் கணக்கில்தான் பாக்கி ஏறியிருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில், ஒரு சனிக்கிழமை எல்லோரையும் ஓட்டல் ஹாலில் உட்காரவைத்து 'பர்சனாலிட்டி டெஸ்ட்' நடத்தினார்கள். பன்னீர் பட்டர் மசாலா உண்டு என்றதால் ஃபுல் அட்டெண்டன்ஸ். கேள்விகளுக்கு டிக் அடித்தால் உங்கள் குணத்தை நாலு எழுத்தில் சொல்லிவிடுவார்கள். மொத்தம் பதினாறு ரகம். மையர்ஸ்-பிரிக்ஸ் என்று பெயர். 1921-ல் வெளிவந்த கார்ல் யுங்கின் புத்தகத்தை அடிப்படையாக வைத்து, காதரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இஸபெல் மையர்ஸ் என்ற மகளும் உருவாக்கியது. இரண்டு பேருமே மனோதத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. மகள் அதற்கு முன் துப்பறியும் நாவல் எழுதியவர்!

நாலு எழுத்தில் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. முடிவெடுக்கும்போது தலையைக் கேட்பவர் 'டி'. மனசைக் கேட்பவர் 'எஃப்'. அமெரிக்காவில் எடுத்த கணக்கில் பெண்களில் ஏறக்குறைய முக்கால்வாசி 'எஃப்', ஆண்களில் பாதிக்குச் சற்று மேல் 'டி'. "பார்த்தீங்களா, அப்பவே சொன்னோமே!" என்று துள்ள வேண்டாம். அப்படியானால் நாலில் ஒரு பெண் 'டி'. நூற்றில் நாற்பதுக்கு மேல் ஆண்கள் 'எஃப்'. நாற்பது பர்சென்ட்டை எந்த ஆடிட்டரும் சில்லறைச் செலவில் எழுத விடமாட்டார்.

இதைவிட ருசியான சமாசாரம் ஒன்று. இந்த ஒரு ஜோடிக்கு மட்டும் ரொம்ப வருஷமாக ஆணுக்கு ஒரு மார்க், பெண்ணுக்கு ஒரு மார்க் என்று தனித்தனியாகப் போட்டார்கள். ஒரே கேள்வி, ஒரே டிக், வேறு வேறு மார்க்! தலையைக் கேட்கிற பெண்கள்கூட, இப்படிச் சொன்னால்தான் நல்ல பெண் என்று பழகி, மனசு பக்கம் டிக் அடித்துவிடுகிறார்களாம். அதைச் சரிக்கட்டத்தான் இந்த ஏற்பாடு. 1998-ல் வந்த புதுப் படிவத்தில்தான் அதை எடுத்தார்கள்.

எங்கள் ஹாலில் 'டி' வாங்கியவர் அக்கவுண்ட்ஸில் இருந்த ஒரு பெண். 'எஃப்' வாங்கியவர் புகார் பிரிவு நண்பர். ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. "ரெண்டு பேரும் பேப்பரை மாத்திக்கிட்டீங்களா?" என்று மைக்கிலேயே கேட்டார்கள்.

அந்த நண்பரிடம் போனில் எரிமலையாக வெடிக்கிற கஸ்டமர், பத்தாவது நிமிஷம் தன் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவ்வளவு பொறுமை. மகளை முதல் நாள் எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு, சிவந்த கண்ணோடு ஆபீஸ் வந்தவர். டீக்கடையில் ஒருநாள் சொன்னார்: "எங்கப்பா செத்தன்னிக்கு மட்டும் நான் அழலை ஸார். பெரியப்பா தோளை அழுத்திப் பிடிச்சு, 'ஆம்பள நீயே அழுதா எப்படிடா?'ன்னாரு. அப்படியே நின்னுட்டேன். அன்னிக்கு வராதது இப்ப எல்.கே.ஜி. வாசல்ல, பஸ்ஸுலன்னு எங்கெங்கயோ வருது." டீ ஆறும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

அந்தப் பெண் வேறு மாதிரி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், "வீட்டு லோன் இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டவர். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாருக்குப் புரையேறியதாகக் கேள்வி. நியாயமான கேள்விதான். அதில் பாதியைக் கட்டப்போவது அவர் சம்பளமாச்சே!

விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை. ஆளெடுக்க இந்த டெஸ்ட்டை உபயோகிக்காதீர்கள் என்று விற்கிற கம்பெனியே சொல்கிறது. சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் வேறு எழுத்து வருவதும் சகஜம். எங்கள் மேலிடமோ அந்தப் பேப்பரை ஃபைலில் கோத்துவிட்டது. வருடாந்திர ரிப்போர்ட்டில் நண்பருக்கு 'தலைமைப் பண்பு போதாது'. அந்தப் பெண்ணுக்கு 'அணுகுமுறையில் மென்மை தேவை'. வவுச்சர் விஷயத்தில் அவரைவிடக் கறாரான ஓர் ஆண், பக்கத்து பிராஞ்சில் 'கண்டிப்பானவர்' என்று பெயர் வாங்கி மேனேஜராகப் போனார். அந்தப் பெண் மறுபேச்சுப் பேசவில்லை. மூன்றே மாதத்தில் வேறு இடத்தில் இன்டர்னல் ஆடிட்டில் சேர்ந்துவிட்டார்.

வழியனுப்பு பார்ட்டியில் பேச எழுந்த நண்பருக்கு இரண்டாவது வரியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தப் பெண் எழுந்துபோய் கர்ச்சீப்பை நீட்டினார்.

"அழுங்க ஸார், பரவாயில்லை. முடிச்சதும் ஒரு விஷயம்... உங்க டிராவல் பில்லுல முந்நூத்தி நாப்பது ரூபா கூட்டல் தப்பு. நாளையிலேர்ந்து நான் இருக்கமாட்டேன், இப்பவே திருத்திடுங்க."