முதலாளிகளும் பயிற்சி மாணாக்கரும்

“தகுதியுள்ள ஆள் கிடைப்பதில்லை” என்பது நமது தொழிலதிபர்கள் ஓயாமல் கூறும் புகார். “படித்து முடித்தும் வேலையில்லை” என்பது வாலிபர்களின் முறையீடு. இவ்விரு குரல்களும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் எழுவதுதான் விந்தை. கலாசாலைக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நிற்கும் மதிலே இதற்குக் காரணம். அம்மதிலில் வாசல் வைக்கும் சக்தி பெரும்பாலும் முதலாளிகள் கையிலிருக்கிறது. ஆனால், படிக்கும் மாணாக்கரைச் சில மாதங்கள் ஏற்றுப் பயிற்றுவிப்பதைத் தர்ம கைங்கரியமாக எண்ணி அவர்களிற் பலர் தயங்குகின்றனர். அது தர்மமன்று, லாபமுள்ள காரியம் என்பதே நமது கட்சி.

வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய அதே 1906-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் சின்சினாட்டி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணாக்கரைக் கொண்டு ஒரு புதுமுறையை ஆரம்பித்தார். ஒரு வேலைக்கு இருவர். ஒருவர் பட்டறையிலிருக்கும் வாரம் மற்றவர் வகுப்பிலிருப்பார். மறுவாரம் மாறிக் கொள்வர். பட்டறையில் இடம் காலியாகாது. உழைத்தவனுக்குக் கூலியும் உண்டு. நமது கோயமுத்தூரிலும் இதற்கு உதாரணமுண்டு. பி. எஸ். ஜி. தர்ம ஸ்தாபனத்தார் 1926-ல் தொழிற்சாலையையும், 1951-ல் பொறியியற் கலாசாலையையும் நிறுவினர். படிப்பையும் பட்டறை வேலையையும் கலந்த பாடமுறையை அங்கே நடத்தி வந்திருக்கின்றனர்.

முதலாளிக்கு இதனால் வரும் பயன் என்ன? அரைமணி நேரப் பேட்டியில் ஒருவனுடைய சுபாவத்தை யார் அறிய முடியும்? ஆறு மாதம் அருகிலிருந்து பார்த்தால் அவனது ஒழுங்கும், பொறுப்பும், தவறு நேர்ந்தால் ஒப்புக்கொள்ளும் நேர்மையும் தாமே விளங்கும். அவனையே பின்னர் வேலைக்கமர்த்தினால் முதல் நாளிலேயே அவனுக்கு இயந்திரமும் தெரியும், மனிதரும் தெரியும். மேலும், “இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று புதிதாய் வந்தவன் கேட்கும் கேள்வியினால், வழக்கத்தில் மறைந்து கிடந்த வீண்செலவு வெளிப்படுவதுண்டு. அவனுக்குக் கற்பிக்கும் மேஸ்திரியும் தம் தொழிலை மீண்டுமொருமுறை தெளிவாகக் கற்றுக்கொள்கிறார். அவன் வழியாகக் கலாசாலையின் ஆசிரியர்களும் சோதனைச்சாலையும் சிறு முதலாளிக்கும் எட்டுகின்றன.

பயிற்சி பெற்றபின் வேறிடம் போய்விடுவானே என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். போகட்டும். அவன் போகுமிடத்திலிருந்து வேறொருவன் இங்கே வருவான். எல்லோரும் கிணற்றில் நீர் இறைக்க விரும்பி, ஒருவரும் ஊற்றைத் தூர் வாராவிடில் கிணறு வற்றாதோ?

எனினும், இந்த லாபம் கற்பிப்பவருக்கே உரியது. மாணாக்கனைத் தேநீர் வாங்கவும் காகிதம் அடுக்கவும் ஏவுகிறவர் எப்பயனும் அடையார். கூலியில்லா உழைப்பாளியாக அவனை வைத்துக்கொண்டு, உரிய தொழிலாளியை வீட்டுக்கு அனுப்புவதோ பச்சைச் சுரண்டல். அதைத் தொழிற்சங்கத்தார் எதிர்ப்பது முற்றும் நியாயமே.

பணமில்லை என்ற சாக்கும் முழுதும் செல்லாது. பட்டமும் டிப்ளமாவும் பெற்றவர்களைப் பயிற்சிக்கு ஏற்றால், நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச உதவிச் சம்பளத்தில் பாதியைத் தேசியப் பயிற்சித் திட்டத்தின்படி சர்க்கார் ஈடுசெய்ய வழியுண்டு. ஆனால் திட்டம் மட்டும் போதாதென்பதற்கும் சான்று இருக்கிறது. ஐந்தாண்டுகளில் 1 கோடி வாலிபருக்கு 500 பெரிய கம்பெனிகளில் பயிற்சியென்று 2024-ல் மத்திய சர்க்கார் அறிவித்தது. மாத உதவி 5,000 ரூபாய் என்றது. முதற் சுற்றில் 1,27,000-க்கு மேற்பட்ட இடங்கள் இருந்தும், சேர்ந்தவர் 9,000-க்கும் குறைவு. அயலூரில் வாடகையும் சாப்பாடும் கொடுத்தபின் அத்தொகையில் என்ன மிஞ்சும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சமாளிப்பான். நெசவாளியின் மகனும் விவசாயியின் மகளும் திரும்பிப் போவார்கள். திறமை வசதியுள்ளோர் வீட்டில்தான் பிறக்கிறதா? அவர்களை இழப்பது முதலாளிக்கே நஷ்டம்.

ஆகவே நாம் கோருவன மூன்று. பயிற்சி மாணாக்கருக்கு ஜீவனத்துக்குப் போதிய உதவிப்பணம் தரவேண்டும். அவர்களுக்குப் பொறுப்பாக ஓர் அநுபவசாலியை நியமிக்க வேண்டும். முடிவில் சொல்லிக்கொள்ளத்தக்க வேலையொன்றை அவர்கள் கையாலேயே செய்விக்க வேண்டும். தொழிற்சங்கத்தாரும் மாணவர் சங்கத்தாரும் இவற்றை ஊர்தோறும் வற்புறுத்த வேண்டும். சுதேசியம் என்பது சரக்கோடு முடிவதன்று. அச்சரக்கைச் செய்யும் கையும் அறிவும் நம் நாட்டில் வளர்வதே அதன் உயிர். அதற்குத் தம் பட்டறை வாசலைத் திறக்கும் முதலாளி தேசத்துக்கும் உதவுவார்; தமக்கும் உதவிக்கொள்வார். முன்வருவார்களா?