சால்மன் மீனும் ஒரு பேறுகாலமும்



வெளிநாடுகளில் குடியமர்ந்துவிட்ட மகளிரிடமிருந்து இந்த அடுக்களைப் பக்கத்திற்கு வரும் மடல்களில் ஒரு வினா அடிக்கடி தென்படும். "இங்கே நம்மூர் மீன் கிடைப்பதில்லை. கடைக்குக் கடை சால்மன் மீன்தான் இருக்கிறது. அதை எப்படிச் சமைப்பது?" என்பதே அவ்வினா. நானே செய்து பாராத ஒன்றை எழுத மனம் ஒப்பாமையால் இதுகாறும் விடை எழுதாதிருந்தேன். சென்ற குளிர்காலத்தில் ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரில் மூன்று மாதங்கள் தங்கும் வாய்ப்பு ஏற்பட்டது. அங்கே இம்மீனை இருமுறை கெடுத்து, மூன்றாம் முறை கற்றுக்கொண்டேன்.

மகளின் தலைப்பிரசவத்திற்காகவே சென்றிருந்தேன். தாய்வீட்டிற்கு வந்து பிள்ளை பெற்றுச் செல்வதுதான் நம் வழக்கம். நீண்ட விமானப் பயணம் கூடாதென்று மருத்துவர் தடுத்துவிட்டதால், தாயே மகள் வீட்டைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. சுக்கும் மிளகும் லேகியமும் பெட்டியில் நிறைந்திருந்தன. பால்சுறாவைத்தான் கொண்டுசெல்ல இயலவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு சேர்த்துச் சுறாப்புட்டு ஆக்கிக் கொடுத்தால் பால் நன்றாகச் சுரக்கும் என்பது நம் மூத்தோர் வாக்கு. என் உம்மா எனக்குக் கொடுத்தார்கள். என் மகளுக்கும் நான் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

பேரன் பிறந்த பத்தாம் நாள், "எங்கேயாவது சுறா கிடைக்குமா, பாருங்கள்" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன் மகள் குறுக்கிட்டாள்.

"உம்மா, சுறா வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்த்துச் செல்லும் செவிலியிடம் கேட்டேன். பால் கொடுப்பவர்கள் அதை அடிக்கடி உண்ணக் கூடாதாம்."

எனக்குச் சுருக்கென்றது. "உன்னையும் உன் தம்பியையும் சுறாவைத் தின்றுதான் வளர்த்தேன். உங்களுக்கு என்ன குறை வந்துவிட்டது?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை அந்தச் செவிலியே வந்தார். மகள் மொழிபெயர்க்க, பொறுமையாக எடுத்துரைத்தார். கடலில் சிறு மீனைப் பெரிய மீன் உண்கிறது. அதை அதனினும் பெரியது உண்கிறது. நீரில் கலந்துள்ள பாதரசம் இவ்வாறு ஒவ்வோர் உடலிலும் சேர்ந்துகொண்டே போய், பல்லாண்டு வாழும் சுறா, வாள்மீன் போன்றவற்றில் மிகுதியாகத் தங்கிவிடுகிறது. வளரும் சேயின் மூளைக்கும் நரம்புகளுக்கும் அது தீங்கானது. ஆகவே கருவுற்றோர் சுறாவை அறவே தவிர்க்க வேண்டும் என்றும், பால் கொடுப்போர் வாரத்திற்கு ஒருமுறைக்கு மேல் உண்ணலாகாது என்றும் பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை அறிவுறுத்துகிறது. அமெரிக்க அரசோ, இவ்விரு சாராரும் சுறாவை முற்றாகத் தவிர்க்க வேண்டும் என்றே சொல்கிறது.

"அப்படியானால் மீனே கூடாதா?" என்றேன். "நன்றாக உண்ணலாம். சால்மன் கொடுங்கள், வாரத்திற்கு இருமுறை வரை" என்றார் அவர். சால்மனில் பாதரசம் மிகக் குறைவு. ஒமேகா 3 என்னும் நற்கொழுப்பு அதில் நிறைந்திருக்கிறது. தாய் உண்ணும் அக்கொழுப்பு பாலின் வழியே சேயைச் சேர்ந்து, மூளையும் கண்ணும் வளரத் துணைசெய்கிறது. வெயில் முகம் காட்டாத அந்நாட்டுக் குளிர்காலத்தில் அரிதாகிவிடும் வைட்டமின் டி சத்தும் அதில் உண்டு.

இனி அம்மீனைப் பற்றிச் சில சொற்கள். டீ, டான் என்னும் இரண்டு ஆறுகள் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் அபர்டீன். அவ்வாறுகளில் பிறக்கும் சால்மன் குஞ்சுகள் சில ஆண்டுகளில் கடலுக்குச் சென்றுவிடும். அங்கே பருத்து வளர்ந்து, முட்டையிடும் காலம் வந்ததும் தாம் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பும். இதைக் கேட்டபோது, இதுவும் பேறுகாலத்திற்குத் தாய்வீடு திரும்பும் இனம்தான் போலும் என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் அங்குள்ள கடைகளில் விற்கும் ஸ்காட்லாந்துச் சால்மன் ஆற்று மீனன்று. மேற்குக் கரையோரத்திலும் தீவுகளிலும் கடலில் அமைத்த வலைக்கூண்டுகளில் வளர்க்கப்படுவது. ஆற்றுச் சால்மன் அருகிவிட்டது. தூண்டிலில் பிடித்ததை விற்பது 2002ஆம் ஆண்டு முதல் அங்கே சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. 2023ஆம் ஆண்டில், பிரிட்டனில் அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே அது பட்டியலிடப்பட்டது.

நம் மீன் கடைகளில் "இந்தியன் சால்மன்" என்று விற்பதைக் கண்டு மயங்க வேண்டா. அது நம் காலா மீன். சுவையான மீன்தான், எனினும் சால்மனுக்கும் அதற்கும் உறவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை நான்கு துண்டுகள் வாங்கி வந்தார். விலையைக் கேட்டதும் கை நடுங்கியது. நமக்குத் தெரிந்தது குழம்புதானே? புளி கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டேன். மீன் கரைந்து, எண்ணெய் மேலே மிதந்தது. அடுத்த முறை ஓவனில் வைத்தேன். மீன் வேகாதிருந்தால் பிள்ளை பெற்றவளுக்கு ஆகாதே என்ற அச்சத்தில் நாற்பது நிமிடம் விட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது வெள்ளை வெள்ளையாக ஏதோ கசிந்து உறைந்திருந்தது. உள்ளே பஞ்சு போல் வறண்டிருந்தது. மகள் குறைசொல்லாமல் உண்டாள். பாதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தாள். பசியோடிருக்கும் பிள்ளை தட்டில் மிச்சம் வைப்பதைக் காண்பது எந்தத் தாய்க்கும் எளிதன்று.

அண்டை வீட்டு மூதாட்டி குழந்தையைக் காண வந்தபோது மகள் இதைச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் அவர் எங்கள் அடுக்களைக்கே வந்து நின்று செய்து காட்டினார். அவர் கற்பித்த முறை இதோ:

தேவையானவை, நால்வருக்கு:

தோலுடன் கூடிய, முள் நீக்கிய சால்மன் துண்டுகள் 4 (ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம்)
உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம்
பூண்டு 4 பல்
எலுமிச்சம்பழம் 1
மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி
உப்பு தேவையான அளவு
பொடியாக நறுக்கிய பார்ஸ்லி அல்லது கொத்தமல்லித்தழை 2 மேசைக்கரண்டி

செய்முறை:

உறைந்த மீனாயின் முதல்நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுக. வெந்நீரில் போட்டு இளக்கலாகாது. மேற்புறம் கெட்டு உட்புறம் கட்டியாகவே நிற்கும். மீனின்மேல் விரலால் தடவிப் பார்த்தால் தப்பிய முட்கள் தட்டுப்படும். அவற்றை முள்வாங்கியால் பிடுங்கிவிடுக. பிறகு ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் நின்றால் மீன் சுடாமல் அவிந்துபோகும்.

ஓவனை 200 பாகை செல்சியசுக்கு முன்னதாகவே சூடேற்றுக. விசிறி உள்ள ஓவனாயின் 180 பாகை போதும். தட்டில் பேக்கிங் தாளை விரித்து, தோல் கீழே இருக்குமாறு துண்டுகளை இடைவெளிவிட்டு அடுக்குக. அலுமினியத் தாளில் நேரடியாக வைக்க வேண்டா. எலுமிச்சையின் புளிப்பு அந்த உலோகத்தைச் சற்றே கரைக்கும்.

எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லத் துருவிக்கொள்க. மணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும். வெண்ணெயை மெல்லிய சூட்டில் உருக்கி, நசுக்கிய பூண்டை இட்டு ஒரு நிமிடத்தில் இறக்கிவிடுக. பூண்டு சிவக்கலாகாது. அதில் தோல் துருவலும் மிளகும் உப்பும் சேர்த்து, பாதியை மீன்மேல் தடவுக. மீதியைத் தனியே வைத்துக்கொள்க. எல்லாவற்றையும் முதலிலேயே ஊற்றினால் ஓவனின் சூட்டில் பூண்டு கருகிக் கசந்துவிடும்.

எலுமிச்சைச் சாற்றை முன்னரே ஊற்றி ஊறவிடுவது நம் பழக்கம். இங்கே அது வேண்டா. புளிப்பு பட்ட மாத்திரத்தில் சதை வெளுத்து இறுகத் தொடங்கிவிடும். மேலைநாட்டுச் செய்முறைகள் சிலவற்றில் புளிப்புக்காகத் திராட்சை மது ஊற்றுவர். நமக்கு அது ஆகாது. அதன் தேவையும் இல்லை. எலுமிச்சையே அவ்வேலையை நிறைவாகச் செய்துவிடும்.

தட்டை ஓவனில் வைத்தபின் கடிகாரத்தைப் பாருங்கள். ஓர் அங்குலத் தடிப்புள்ள துண்டுக்கு 12 முதல் 15 நிமிடம் போதும். பத்தாம் நிமிடத்திலேயே ஒருமுறை திறந்து பார்ப்பது நலம். தடித்த பகுதியில் முட்கரண்டியை நுழைத்துச் சற்றே திருப்பினால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். கண்ணாடி போன்ற தன்மை மாறி ஒளிபுகா நிறம் அடைந்திருக்க வேண்டும். சூடு அளக்கும் கருவி இருந்தால் நடுவே 63 பாகை காட்டினால் போதும். அமெரிக்க அரசு மீனுக்கு வகுத்துள்ள அளவு அதுவே. உணவுவிடுதிகளில் இதற்கும் முன்பே எடுத்துவிடுவர். கருவுற்றோர்க்கும் முதியோர்க்கும் சமைக்கையில் 63 பாகை வரை பொறுத்திருங்கள்.

வெளியே எடுத்து மூன்று நிமிடம் ஆறவிட்டு, மீதி வெண்ணெயில் தழையையும் அரை எலுமிச்சையின் சாற்றையும் கலந்து மேலே ஊற்றுக. அந்நாட்டு எலுமிச்சை பெரியது, புளிப்புக் குறைந்தது. நம்மூர்ச் சிறுபழமாயின் சாற்றைச் சொட்டுச் சொட்டாகச் சுவைபார்த்துச் சேர்க்க வேண்டும். அவித்த உருளைக்கிழங்கோ வெறும் சோறோ இதற்கு இணையாகும்.

நான் கண்டு அஞ்சிய அந்த வெள்ளைக் கசிவு வேறொன்றுமன்று. மீனின் புரதமே அது. சூடு மிகும்போது சதைநார்கள் சுருங்கி அதைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. சிறிதளவு தென்பட்டால் குற்றமில்லை. மிகுதியாகக் கசிந்தால், நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

மிஞ்சிய மீனை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுநாளே உண்டுவிடுக. பூண்டு வெண்ணெய் மிஞ்சினால் அடுக்களை மேடையில் விட்டுவைக்காதீர்கள். கொழுப்பில் மூழ்கிய பூண்டு வெளிச்சூட்டில் நஞ்சாகக்கூடும். கடைகளில் மெல்லிய ஏடுகளாக விற்கும், சமைக்காமல் புகையூட்டிய சால்மனைக் கருவுற்றோர் நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும்.

அன்றிரவு மூதாட்டி விடைபெற்றுச் சென்றபின் மகளுக்குத் தட்டை எடுத்துக் கொடுத்தேன். பேரனை மடியில் கிடத்தியபடியே உண்டாள். நான் வேறு பக்கம் பார்ப்பதுபோல் அவள் தட்டையே பார்த்திருந்தேன். தட்டு காலியாயிற்று.

"இன்னொரு துண்டு இருக்கிறதா, உம்மா?" என்றாள்.

எனக்கென எடுத்து வைத்திருந்ததை அவள் தட்டில் வைத்தேன். உண்டுகொண்டே அவள் சொன்னாள்: "சுறாப்புட்டு வேண்டாம் என்றதும் உங்கள் முகம் வாடியதே, அதுதான் இத்தனை நாளும் எனக்கு வருத்தமாக இருந்தது."

என் உம்மா எனக்கு ஆக்கித் தந்தது சுறா. என் மகளுக்கு நான் ஆக்கித் தந்தது சால்மன். பூண்டு மட்டும் இரண்டிலும் இருந்தது. மூத்தோர் நமக்கு விட்டுச் சென்றது ஒரு மீனின் பெயரையன்று, பிள்ளை பெற்றவளை வயிறு வாடவிடாத அக்கறையையே என்று அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

வெளிநாட்டில் வாழும் சகோதரிகள் செய்து பார்த்து எழுதுங்கள். இங்குள்ளோர் தடித்த காலா மீன் துண்டுகளிலும் இதே முறையைக் கையாளலாம். அதில் கொழுப்புக் குறைவாதலால் இரண்டு நிமிடம் முன்னதாகவே திறந்து பாருங்கள்.