ஆம்ப்ளிஃபயருக்கும் வேர்க்கும் சாமி!

மே மாச டெல்லி. 45 டிகிரி. காரில் பாட்டு பாதியில் நின்றால் நம்மாளுங்க ஆம்ப் தயாரித்தவனைத் திட்டுவார்கள். என்னைக் கேட்டால், குற்றவாளி பெரும்பாலும் அதை மாட்டின இடம்தான். சூடு தாங்காமல் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவே.

கிளாஸ் ஏபி ஆம்ப், இழுக்கிற மின்சாரத்தில் பாதிக்குக் கிட்ட சூடாகவே கக்கும். கிளாஸ் டி எவ்வளவோ தேவலை. ரெண்டுக்குமே சூடு வெளியேறும் வழி அந்த அலுமினியப் பெட்டிதான். அதை சீட்டுக்கடியில் கார்ப்பெட் போட்டு மூடினால் என்னாகும்? சுற்றிலும் நாலு விரல் இடம் விடுங்க. தலைகீழாக மாட்டாதீங்க.

பழைய பெட்டிக்கு பெயிண்ட் அடிக்கிறீர்களா? பட்டி பூசி நாலு கோட் அடித்தால் பளபளக்கும், ஆனால் அது போர்வை. போர்டைக் கழற்றிவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெல்லிசாக ஒரு கோட் போதும். டிரான்சிஸ்டர் தொடும் இடத்தில் பெயிண்ட் படவே கூடாது. அங்கே புது தெர்மல் பேஸ்ட்.

கறுப்பு வெயிலை இழுக்குமாம்! டிக்கிக்குள் ஏதுங்க வெயில்? எந்த நிறப் பெயிண்டும், மெருகேற்றிய வெற்று அலுமினியத்தைவிட சூட்டை நன்றாகவே வெளியே விடும்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது, ஃபியூஸ் அடிக்கடி போகுதென்று பெரிய ஃபியூஸ் போட்டுத் தரும் கடைகள் மேல்தான். அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். லீவுக்கு ஊர்வரை 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறோம். பின்சீட்டில் தூங்குவது நம்ம குழந்தைங்க. ஒயர் தாங்கும் ஆம்பியரைக் கேட்டு, அதற்குள்ளேயே ஃபியூஸ் போடுங்க.