தாயைக் கேட்டார்களா?

"குடும்பத்தோடு பார்க்கக்கூடிய படம்" என்று ஒரு வார்த்தை நம் நாட்டில் வெகுகாலமாகப் புழங்கி வருகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் பல பேரிடம் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். கிடைத்த பதில்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் விஷயம் இதுதான்: முத்தம் இருக்கக் கூடாது, நனைந்த புடவையில் நாட்டியம் கூடாது, தாயார் ஒருத்தி இருக்க வேண்டும், கோவில் மணி ஒரு தடவையாவது அடிக்க வேண்டும், வாயில்லா ஜீவன் ஏதாவது ஒன்று எஜமானனைக் காப்பாற்ற வேண்டும். ரொம்ப சரி. படத்தில் எத்தனை பேர் சாகிறார்கள்? அதை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. மாமியாரும் மருமகளும் மடியில் குழந்தையுமாக உட்கார்ந்து ஒரு டஜன் கொலைகளைப் பார்த்துவிட்டு, "நல்ல படம், ஆபாசமே இல்லை" என்று திருப்தியோடு எழுந்து போகிறார்கள்.

இந்தச் சண்டையை நான் இப்போது வலிய இழுப்பதற்குக் காரணம் கோட்டைப்பட்டினம்.

புதுக்கோட்டை ஜில்லாவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பாக் ஜலசந்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் அது. ராவுத்தர் தர்கா இருக்கிறது. மீன்பிடித் துறை இருக்கிறது. பக்கத்தில் ஜெகதாப்பட்டினம், கடலுக்கு அந்தப் பக்கம் நெடுந்தீவு. அங்கே எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. போன வருஷம் மே மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். ஆகையால் ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். வீட்டில் இருந்ததால் டெலிவிஷனும் ஓடிக்கொண்டிருந்தது. ரஜினிகாந்த் நடித்த 'தாய் மீது சத்தியம்'. 1978-ம் வருஷத்துத் தீபாவளிக்கு வெளிவந்த தேவர் பிலிம்ஸ் படம். ஆர். தியாகராஜன் டைரக்‌ஷன். பெற்றோரைக் கொன்ற கொள்ளைக்காரர்களைத் தேடி ஓர் இளைஞன் புறப்படுகிறான். அமெரிக்க மேற்குப் பிரதேசத்துக் கௌபாய்க் கதை, நம் ஊர் வெயிலில் நடக்கிறது.

சிநேகிதரின் அண்ணன் மகன் ஒருவன், பதினொரு வயசு இருக்கும், தரையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தகப்பனார் மூன்று வருஷத்துக்கு முன் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர், ஒரு ராத்திரி சூறைக்காற்று, திரும்பவில்லை. படம் பாதி ஓடியிருக்கும். பையன் திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, எங்கப்பாவ யாரு கொன்னா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. கதை எழுதுகிறவன் நான். எத்தனையோ பாத்திரங்களுக்கு எத்தனையோ பதில்களை எழுதிக் கொடுத்தவன். இந்தப் பையனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. திண்ணையில் முறத்தை வைத்துச் சென்னாங்குனி புடைத்துக்கொண்டிருந்த அவனுடைய அப்பத்தாதான், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "காத்தும் கடலும்டா. அதுகள யாரு போய்ச் சுடுறது?"

பையன் அதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. மறுபடியும் படத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். படம் அவனுக்குச் சொன்னது அப்பத்தா சொன்னதைவிடச் சுலபமாக இருந்தது: செத்த தகப்பன் ஒவ்வொருவனுக்கும் கொன்றவன் ஒருவன் உண்டு, அவனுக்கு முகம் உண்டு, மீசை உண்டு, மகனாகப் பிறந்தவன் அவனைத் தேடிப் போக வேண்டும்.

இந்த வகைப் படங்களைப் பார்த்து வேறு சிலர் வேறு காரணத்துக்காகச் சிரிப்பார்கள். அவர்கள் கட்சியில் நான் சேரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தமிழனுக்கு எதற்குத் தொப்பி? மதுரைப் பக்கத்தில் ஏது கௌபாய்?" என்று கேட்பவர்கள் அவர்கள். 1964 பொங்கலுக்கு எம்.ஜி.ஆர். 'வேட்டைக்காரன்' படத்தில் அந்தத் தொப்பியைப் போட்டபோது தமிழ் ஜனங்கள் வேற்றுமை பாராட்டவில்லை. 1970-ல் 'காலம் வெல்லும்', 1972-ல் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று வரிசையாக எடுத்தாரே எம். கர்ணன், அவர் 'கற்பகம்' போன்ற படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த கைகாரர். ஜெய்சங்கரைக் குதிரைமேல் ஏற்றிவிட்டுக் காமிராவையும் தானே பார்த்துக்கொண்டார். தெலுங்கில் 1971-ல் கிருஷ்ணா நடித்து வந்த 'மோசகாள்ளகு மோசகாடு' தமிழிலும் பேசிற்று. இதில் எல்லாம் எனக்கு ஆட்சேபணை கிடையாது. இத்தாலியர்கள் ஸ்பெயின் தேசத்தில் அமெரிக்கப் பாலைவனத்தை ஜோடித்தார்கள். அவர்களுடைய 1964-ம் வருஷத்து முதல் பெரிய வெற்றிப் படத்தின் கதை ஜப்பானில் குரோசாவா எடுத்த 'யோஜிம்போ'விலிருந்து போனது. கதைக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

மலிவாக எடுத்தார்கள் என்பதும் குற்றமல்ல. அரண்மனை செட் போட வசதி இல்லாத முதலாளிக்கு மலையும் பாறையும் வெட்டவெளியும் ஆண்டவன் போட்டுக் கொடுத்த செட். நாலு குதிரை வாடகைக்குக் கிடைத்தால் போதும். ஏழைத் தயாரிப்பாளர்கள் ஜெய்சங்கரை வைத்து மளமளவென்று படம் முடித்து வெள்ளிக்கிழமைதோறும் வெளியிட்டதால் எத்தனையோ தொழிலாளிகள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதைப் பரிகாசம் செய்ய நான் யார்?

என் வழக்கு தொப்பியின் மேல் அல்ல, சத்தியத்தின் மேல்.

தேவர் பிலிம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 'தாய்க்குப் பின் தாரம்' (1956), 'தாய் சொல்லைத் தட்டாதே' (1961), 'தாயைக் காத்த தனயன்' (1962) என்று தாயின் பெயரைச் சொல்லியே சாண்டோ சின்னப்பா தேவர் ஒரு பெரிய ஸ்தாபனத்தை நிலைநாட்டினார். முருக பக்தர், ஜனங்களின் நாடி தெரிந்தவர். 1978 செப்டம்பரில் அவர் காலமானார். அடுத்த தீபாவளிக்கு வந்த படத்தின் பெயரிலும் தாய் இருந்தாள். ஒரு தனிப் படத்தின் மேல் பழி போடுவது என் நோக்கமல்ல. ஆனால் அந்தத் தலைப்பு ஒரு வகைக் கதைக்கே முத்திரை போல அமைந்துவிட்டது. தாய் மீது சத்தியம்! மிகவும் நல்லது. தாயைக் கேட்டார்களா?

இந்தக் கதைகளில் வரும் தாய்மார்களை யோசித்துப் பாருங்கள். ஒன்று, முதல் ரீலில் சாகிறாள். அல்லது சாகும் தறுவாயில் மகனிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். அல்லது நெற்றியில் திலகம் இட்டு "வெற்றியோடு வா மகனே" என்று அனுப்புகிறாள். பத்து மாதம் சுமந்து, பாலூட்டி, அம்மையும் காய்ச்சலும் வந்தபோது ராத்திரி பூராவும் விழித்திருந்து காப்பாற்றிய ஒருத்தி, எஞ்சியிருக்கிற ஒரே பிள்ளை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்ன சொல்வாள்? உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். "போனவர் போய்விட்டார், நீயாவது இரடா" என்று அவன் காலைக் கட்டிக்கொள்வாள். அந்த வசனம் மட்டும் எழுதப்படுவதில்லை. எழுதினால் படம் மூன்றாவது ரீலோடு முடிந்துவிடும் என்ற பயம்.

தகப்பனைக் கொன்றவர்களைப் பழிவாங்கப் புறப்பட்ட இளைஞன் நமக்குப் புதியவனா? மகாபாரதத்தில் இருக்கிறானே அசுவத்தாமன்! துரோணரை வஞ்சனையால் கொன்றார்கள். அவன் கோபம் நியாயமானதுதான். நம் சினிமா முதலாளிகள் அதுவரைக்கும் படித்தால் உடனே கால்ஷீட் வாங்கிவிடுவார்கள். ஆனால் வியாசர் அங்கே நிறுத்தவில்லை. அந்த இளைஞன் ராத்திரியில் பாசறைக்குள் நுழைந்து, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொன்றான். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் போனார்கள். பழிவாங்கியவனுக்குக் கிடைத்த பரிசு, மூவாயிரம் வருஷம் ஆறாத புண்ணோடு தனியே அலையும் சாபம். அப்புறம் திரௌபதியைக் கேட்டார்கள். பாரதத்தில் அவள் அவனைக் கொல்லத்தான் சொல்கிறாள். கடைசியில் அவன் தலையிலிருந்த மணியோடு திருப்தி அடைகிறாள். பாகவதத்திலோ, கட்டி இழுத்து வரப்பட்டவனைப் பார்த்து, "விட்டுவிடுங்கள், நான் அழுவதுபோல் இவன் தாயும் அழ வேண்டாம்" என்கிற கருத்தில் பேசுகிறாள். இரண்டில் எது உயர்ந்தது என்று பண்டிதர்கள் வாதாடட்டும். நான் கவனிப்பது ஒன்றே ஒன்று: இரண்டு இடத்திலும் தாய்க்கு வாய் இருக்கிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் தன் மனசைத் தானே சொல்கிறாள்.

"கண்ணகி மட்டும் மதுரையை எரிக்கவில்லையா?" என்று ஒருவர் எழுந்து கேட்பார் என்று எனக்குத் தெரியும். எரித்தாள். ஆனால் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் எங்கே போனாள்? அரசன் சபைக்கு. வழக்கு உரைத்தாள், சாட்சியம் காட்டினாள், தீர்ப்பு வாங்கினாள். குதிரை ஏறி மலைப்பக்கம் போகவில்லை.

அமெரிக்காக்காரன் தன் கௌபாய்க் கதையில் இதையெல்லாம் யோசித்தானா என்று கேட்டால், நல்லவன் யோசித்தான். 1956-ல் ஜான் ஃபோர்டு எடுத்த 'தி சர்ச்சர்ஸ்' படத்தில், வருஷக்கணக்காக வன்மத்தைச் சுமந்து அலைந்த கதாநாயகன் கடைசியில் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கிறான். எல்லாரும் உள்ளே போகிறார்கள், அவனுக்கு உள்ளே இடம் இல்லை, கதவு சாத்திக்கொள்கிறது. 1958-ல் கிரிகரி பெக் நடித்த 'தி பிரேவடோஸ்' இன்னும் பயங்கரம். மனைவியைக் கொன்றவர்கள் என்று நினைத்து நாலு பேரைத் துரத்துகிறான். ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டு வந்தபின், அந்தக் கொலையை அவர்கள் செய்யவில்லை என்று தெரிகிறது. ஊரார் அவனை வீரன் என்று கொண்டாடுகிறார்கள். அவனோ எனக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு போகிறான். நாம் அவர்களிடமிருந்து தொப்பியை வாங்கினோம், பூட்ஸை வாங்கினோம், துப்பாக்கியை வாங்கினோம். அந்தச் சாத்திய கதவை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

"இது வெறும் பொழுதுபோக்கு, இதற்கு இவ்வளவு பிரசங்கமா?" என்பது அடுத்த கேள்வி. பொழுதுபோக்குதான். ஆனால் யாருடைய பொழுது? 2023-ல் சினிமாச் சட்டத்தைத் திருத்தி, ஏழு வயசு, பதின்மூன்று வயசு, பதினாறு வயசு என்று குழந்தைகளுக்குத் தரம் பிரித்து ஸர்ட்டிபிகேட் கொடுக்க வழி செய்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் தணிக்கைக்காரர் ரத்தத்தை எவ்வளவு நேரம் காட்டினார்கள் என்று அளப்பார். கதை என்ன சொல்லிக் கொடுக்கிறது என்பதை எந்த முழக்கோலால் அளப்பது? அது பெற்றவர்கள் வேலை, எழுதுகிறவர்கள் வேலை. அதை நாம் ஸர்ட்டிபிகேட்டின் தலையில் போட்டுவிட்டுத் தூங்குகிறோம்.

கோட்டைப்பட்டினத்துக்கே திரும்பி வருகிறேன். முகமும் பெயரும் உள்ள எதிரி அந்தக் கரைக்கு இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஜனவரியில் அந்தத் துறையிலிருந்து போன ஒரு விசைப்படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கிற்று. நாலு பேர் இறந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் மறுபடியும் ஒரு மோதல். மூன்று பேர் போன படகில் ஒருவர் மாண்டார். படகுதான் வந்து மோதியது என்றது அந்தப் பக்கம். கப்பல்தான் மோதியது என்றது இந்தப் பக்கம். பழிவாங்கும் கதைக்கு வேண்டிய சகல சாமான்களும் இருந்தன: கடல், இருட்டு, ஆயுதம் தாங்கிய எதிரி, இளம் வயசுச் சாவு.

அந்தக் கரை என்ன செய்தது? சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தது. மனுக் கொடுத்தது. அக்டோபரில் இறந்தவரின் குடும்பம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், புதைத்த உடலை எடுத்து மறுபடி பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேட்டது. நீதிமன்றமும் அப்படியே உத்தரவிட்டது. கையில் சிலம்பு இல்லை. மண்ணுக்குள் போன தங்கள் பிள்ளையின் உடலே சாட்சி. புதைத்தவனை மறுபடி வெளியே எடுக்கச் சொல்லிக் கேட்பதற்கு எப்படிப்பட்ட நெஞ்சு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். குதிரைச் சவாரியைவிட அதற்கு அதிகத் தைரியம் வேண்டும். நம்முடைய சினிமாவில் அந்தத் தைரியத்துக்கு ஒரு ரீல்கூட ஒதுக்குவதில்லை.

பழிவாங்கும் படங்களைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. எடுங்கள், மலிவாகவே எடுங்கள், குதிரையும் நாயும் இருக்கட்டும். இளைஞன் புறப்படட்டும். புறப்படுவதற்கு முன் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவன் தாயைப் பேசவிடுங்கள். அவள் பேசிய பிறகும் அவன் போனால், அந்தப் படத்தைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்க நான் தயார்.

அன்றைக்குப் படம் முடிந்ததும் பையன் எழுந்து வெளியே ஓடினான். கையில் ஒரு குச்சி. தென்னை மரத்தைப் பார்த்துச் சுட்டான். அப்பத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "வெயில்ல நிக்காதடா, சோறு திங்க வா" என்று கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாம் தடவை குச்சியைப் போட்டுவிட்டு வந்தான்.